தூவிய ரவைமேல் ஒரு கடப்பைக் கல்

கேள்வி

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கிறேன். போன இரண்டு குளிர்காலமும் குல்மார்க் போய் ஸ்கீயிங் கற்றுக்கொண்டேன். விழாமல் இறங்கும் அளவுக்குக் கால் பழகிவிட்டது. வருகிற பிப்ரவரியில் நண்பர்கள் இருவரோடு மறுபடி போகிறேன், ஐந்து நாள். கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தில் அஃபர்வத் மேலே ஏறி, பேட்ரோல்காரர்கள் பார்த்துக்கொள்ளும் எல்லையைத் தாண்டி, யாரும் மிதிக்காத பனியில் இறங்க வேண்டும் என்று ஆசை. அங்கே எங்களுக்குப் பழக்கமான வழிகாட்டி ஒருவர் இருக்கிறார். பதினைந்து வருட அனுபவம். நன்றாகப் பனி கொட்டி மறுநாள் வானம் வெளுத்தால் அதைவிட நல்ல நாள் கிடையாது, கூட்டிப்போகிறேன் என்கிறார்.

அம்மாவுக்குத்தான் தூக்கம் வரவில்லை. என் மாமா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். 2016-ல் சியாச்சினில் நடந்தது எங்கள் வீட்டில் இன்னும் பேச்சில் இருக்கிறது. "அங்கேயே ஆறு நாள் கழிச்சு ஒருத்தரை உயிரோட எடுத்தாங்களேம்மா, இப்பப் பீக்கன் எல்லாம் வந்தாச்சு" என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் சொன்னது சரிதானா? சத்தம் போட்டால் பனி சரியும் என்கிறார்களே, உண்மையா? ஒரு சரிவு பத்திரமானதா என்று நின்று பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? இன்னொன்று, வாடகைக்கு இரண்டு பீக்கன்தான் கிடைக்கும்போல் இருக்கிறது. மூன்று பேருக்குப் போதுமா?

— வாசகர், கோயம்புத்தூர்

பதில்

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். போதாது. பீக்கன் என்பது நெஞ்சில் கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. மலையில் இருக்கும்வரை அது 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்துபோனால் மேலே இருப்பவர்கள் தங்கள் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அம்புக்குறி காட்டும் பக்கம் ஓடுகிறார்கள். பெட்டி இல்லாத மூன்றாவது ஆள் புதைந்தால் அவரைத் தேட வழியே கிடையாது. அவரால் உங்களைத் தேடவும் முடியாது. பீக்கனோடு, மடித்து வைக்கிற நீளமான துழாவுகோல் ஒன்று, உலோக மண்வாரி ஒன்று, இந்த மூன்றும் ஆளுக்கு ஒரு செட். குறைந்தால் மூவரும் எல்லைக்குள்ளேயே இருங்கள். வெளிநாட்டில் இருந்தால் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். நம்மிடம் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று ஒரு சொல் இருக்கிறதே, அது இந்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

சத்தத்தைப் பற்றி ஒரே வரி போதும். கத்தினாலும் கைதட்டினாலும் பனி சரியாது, அது சினிமாக்காரர்கள் கட்டிய கதை.

அம்மாவுக்குச் சொன்ன சமாதானத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். 2016 பிப்ரவரி 3 அன்று, 19,600 அடி உயரக் காவல்நிலையில் 19-ஆவது மெட்ராஸ் படைப்பிரிவின் பத்துப் பேர் மேல் விழுந்தது ஒரு பெரிய உறைபனிச் சுவர். பத்தில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். 25 அடிக்கும் ஆழத்தில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் ஆறாம் நாள் உயிரோடு கிடைத்ததற்குக் காரணம், கூடாரத்துக்குள் காற்று தங்கிய ஓர் இடைவெளி. அவரும் பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு மேலே மாணா அருகில் எல்லைச் சாலைத் தொழிலாளர்கள் 54 பேர் சிக்கினார்கள், 46 பேர் மீண்டார்கள். அங்கேயும் பலரைக் காப்பாற்றியது அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்கள்தான். உங்களைச் சுற்றி கூடாரமும் இருக்காது, கன்டெய்னரும் இருக்காது. மூக்குக்கு முன்னால் பனி இறுகிக்கொண்டு நிற்கும், நீங்கள் விடும் மூச்சே அதன்மேல் படிந்து உறையும். பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரம் தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைத்தால் பெரிது. ராணுவம், ஹெலிகாப்டர், மோப்ப நாய் எல்லாமே அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு வருகிறவை. காப்பாற்ற முடிந்தவர்கள் உங்கள் இரண்டு நண்பர்கள் மட்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சியாச்சினில் சுவர் மேலிருந்து வந்தது. அந்த வீரர்கள் செய்த பிழை எதுவும் இல்லை. பொழுதுபோக்காக மலைக்குப் போகிறவர்கள் சிக்கும் பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பது, சிக்கியவரோ அவர் கூட வந்தவரோ கால் வைத்துக் கிளப்பியது. தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிறவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள். ஆபத்து ஸ்கீக்கு அடியில் இருக்கிறது.

அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பனி என்றால் மார்கழியில் தலைமேல் இறங்குவது. கொட்டிக் குவிகிற பனிக்குக் காஷ்மீரியில் ஷீன் என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அந்த ஷீன் ஒரே பனியாகத் தரையில் கிடப்பதில்லை. ஒவ்வொரு மேற்கத்திய காற்றுக் கலக்கமும் ஒரு அடுக்கை விட்டுப் போகிறது. நவம்பர் பனிமேல் டிசம்பர் பனி, அதன்மேல் வெயில் பட்டு உருகி இரவில் உறைந்த ஒரு பொருக்கு, அதற்கு மேலே காற்று அடித்து இறுக்கிய ஒரு பலகை. சாப்பாட்டுக் கேரியர் மாதிரி, மேல்தட்டைப் பார்த்து அடித்தட்டைச் சொல்ல முடியாது.

பெரும்பாலும் கெட்டது அடித்தட்டுதான். சில்லாய் கலான் என்று காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலம் உண்டு. தரையில் 40 சென்டிமீட்டர் பனி மட்டும் கிடந்து, பதினைந்து நாள் வானம் மேகமே இல்லாமல் வெளுத்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேற்பரப்பு இரவில் மைனஸ் 15-க்குப் போகும். அடியிலிருந்து ஈரம் ஆவியாகி மேலே ஏறிக்கொண்டே இருக்கும், சோற்றுப்பானையில் ஆவி ஏறி மூடியில் படிகிற மாதிரி. ஏறுகிற ஆவி மேலே இருக்கிற பனித்துகளில் ஒட்டி உறைய, பஞ்சாக இருந்த துகள் கோணல் கோணலாக, முனை முனையாக வளர்ந்துவிடும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே இந்த வேலை தொடங்கிவிடும். இங்கே நான் சொன்ன கணக்கில் அதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல்.

அப்படி வளர்ந்த பனியைக் கையில் அள்ளிப் பாருங்கள். புதுப்பனி கொழுக்கட்டை மாவு மாதிரி உருண்டை பிடிக்க வரும். இது ரவை. விரலிடுக்கில் சரசரவென்று ஒழுகிவிடும், என்ன அமுக்கினாலும் ஒட்டாது. பிறகு பிப்ரவரியில் இரண்டு நாள் பனி கொட்டி, காற்று அதை வாரிக்கொண்டுவந்து சரிவின் மறுபக்கத்தில் அடுக்கி இறுக்கினால், சாய்ந்த மேடையில் ரவையைத் தூவி அதன்மேல் கடப்பைக் கல்லை வைத்த கதைதான். கல் நகராமல் நிற்பது, ரவையில் ஏதோ சில மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால். ஒரு ஸ்கீயின் அழுத்தம் ஓரிடத்தில் அந்தப் பிடியை விடுவிக்கிறது. அப்புறம் சினிமாக் கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டில் ஓரத்துச் சைக்கிளைத் தட்டிவிட்ட மாதிரிதான், ஒன்று சாய, அடுத்தது சாய, ஒரு நொடிக்குள் சரிவு முழுக்க ஓடிவிடும். பலகை வெட்டிக்கொண்டு கிளம்பும். 50 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் கனம் என்பது சின்னப் பலகை. கன மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்தால் அதன் எடை 300 டன். முப்பது லாரி லோடு, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில்.

இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா என்றால், உண்டு. பீர் பஞ்சாலிலும் லாஹௌலிலும் பனிக்குழி தோண்டியே என் பாதி வயது போயிற்று. ஒரு ஜனவரிக் காலை நினைவிருக்கிறது. வடக்கு பார்த்த சரிவு. வெயில் படாததால் ரவை அங்கேதான் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். தரைவரை தோண்டி, மேட்டுப் பக்கத்துச் சுவரை மண்வாரியால் வழுவழுப்பாகச் செதுக்கினோம். மேலிருந்து கையால் குத்திப் பார்த்தபடி இறங்க வேண்டும். முஷ்டி போனால் மிக மென்மை, நான்கு விரல் போனால் கொஞ்சம் இறுக்கம், ஒரு விரல், பிறகு பென்சில், கடைசியில் கத்தி. அன்றைக்கு மேலே இரண்டடிக்கு நான்கு விரல், ஒரு விரல் என்று நல்ல இறுக்கம். தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு முஷ்டி மணிக்கட்டுவரை போயிற்று. உள்ளே கையை விரித்தால் ரவை கொட்டுகிறது. பிறகு 30 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு தூணை நாலு பக்கமும் அறுத்து நிறுத்தி, உச்சியில் மண்வாரியைக் கவிழ்த்து வைத்துத் தட்டினேன். மணிக்கட்டை மட்டும் ஆட்டிப் பத்துத் தட்டு, ஒன்றும் ஆகவில்லை. முழங்கையிலிருந்து தட்டியதில் மூன்றாவது தட்டுக்கு, மேசை இழுப்பறையை யாரோ உள்ளேயிருந்து தள்ளியதுபோல் இரண்டடிப் பனிக்கட்டி 'டக்'கென்று என் மடியில் வந்து நின்றது. அடிப்பக்கம் அரத்தால் ராவியது மாதிரி சமதளம். கூட இருந்த புதுப் பையன் சிரித்தான். "சார், இதுக்கா இவ்வளவு பயம்?" திரும்பி வந்துவிட்டோம்.

அந்தச் சரிவு அந்த வருடம் சரியவே இல்லை.

இந்தத் தொழிலின் சங்கடமே இதுதான், தம்பி. உங்கள் வழிகாட்டியின் பதினைந்து வருட அனுபவத்துக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். அவர் நல்லவர், வழி தெரிந்தவர், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சமையல்காரர் உப்பைக் கூட்டினால் அன்றைக்கே தெரிந்துவிடும், அடுத்த நாள் திருத்திக்கொள்வார். பனிச்சரிவில் தப்பான முடிவெடுத்தவனையும் மலை பத்துக்கு ஒன்பது தடவை சும்மா விட்டுவிடும். அவன் கீழே வந்து, "பார்த்தியா, எனக்குத் தெரியும்" என்பான். பதினைந்து வருடம் சரியான முடிவெடுத்தாரா, பதினைந்து வருடம் தப்பித்தாரா என்று அவருக்கே தெரியாது. எனக்கும் என்னைப் பற்றித் தெரியாது. ஒருமுறை சமதளத்தில் நடந்துகொண்டிருந்தேன். பரண்மேல் யாரோ குதித்ததுபோல் காலடியில் 'தொம்' என்று ஒரு சத்தம், உடம்பு ஒரு விரற்கடை இறங்கியது. நான் அடுத்த அடி வைப்பதற்குள் எண்பது தப்படி தள்ளியிருந்த சரிவில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கோடு விழுந்து, அதற்குக் கீழே இருந்தது முழுக்க நகர்ந்தது. நின்றது சமதளம்தானே என்று நினைத்திருந்தவன் நான். எனக்கும் அப்போது பத்து வருடத்துக்கு மேல் அனுபவம்.

அதனால்தான் பனியைப் படிப்பதைவிடச் சரிவின் கோணத்தை அளப்பதை நம்புங்கள் என்கிறேன். பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவில் கிளம்புகின்றன. அதைவிடச் செங்குத்தானால் பனி தங்காமல் அவ்வப்போதே உதிர்ந்துவிடும்; 30-க்குக் கீழே பலகை நகர்வது அபூர்வம். 6 அங்குல உயரம், 10 அங்குல அகலம் வைத்துக் கட்டிய மாடிப்படியின் சாய்வு 31 டிகிரி. மாடிப்படி அளவுக்குச் சாய்வாகிவிட்டால் ஆட்டம் வேறு. டிசைன் வேலை பார்க்கிறீர்கள், உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். போனில் கோணம் காட்டும் ஆப் இருக்கிறது, ஸ்கீக் கோலைச் சரிவில் படுக்கவைத்து அதன்மேல் போனை வைத்தால் போதும். பனி எப்படி இருந்தாலும் 25 டிகிரி 25 டிகிரிதான். ஒன்றை மட்டும் சேர்த்துப் பாருங்கள்: நீங்கள் நிற்கும் 25 டிகிரிக்கு மேலே 38 டிகிரி தொங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. என் 'தொம்' கதை அதற்குத்தான்.

இப்போது அந்த வெளுத்த வானத்துக்கு வருவோம். பனி கொட்டி முடித்த முதல் ஒரு நாள், ஒன்றரை நாள்தான் பலகை புதுப் பாரத்தைச் சுமந்துகொண்டு தடுமாறுகிற நேரம். அதுவே மனிதனுக்கு ஆசை அதிகமாகிற நேரமும். வெயில், பஞ்சுப் பனி, லீவு வேறு முடிகிறது. மேலே ஏற்கெனவே இரண்டு பேர் இறங்கின தடம் கிடந்தால் தைரியம் இரட்டிப்பாகும். அந்தத் தடம் எதையும் நிரூபிக்காது. பலகை மெலிந்த இடத்தில் ஆறாவது ஆள் கால் வைக்கும்வரை ஐந்து பேர் நன்றாக இறங்கியிருப்பார்கள். 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் காய்ந்து கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதக் கடைசியிலிருந்து பனி வந்தது. பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க் பக்கம் பனிச்சரிவில் ரஷ்யாவிலிருந்து வந்த ஸ்கீ வீரர் ஒருவர் இறந்தார். அதற்கு முந்தைய வருடம் பிப்ரவரி 1, அஃபர்வத்தின் ஹாபத்குட் பகுதியில் போலந்துக்காரர்கள் இருவர். நீங்கள் போக நினைக்கும் அதே மலை, அதே மாதம்.

அரசு எச்சரிக்கை வருமே என்று கேட்பீர்கள். வரும். 1969-ல் மணாலியில் தொடங்கிய பனி ஆய்வு நிறுவனம் 2020-ல் இன்னொரு ஆய்வகத்தோடு சேர்ந்து டிஜிஆர்இ ஆனது. அவர்களுடைய கணிப்பைத்தான் பேரிடர் மேலாண்மைத் துறை, "பாரமுல்லா, குப்வாரா மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேல் மிதமான ஆபத்து" என்கிற மாதிரி வெளியிடும். மாவட்டத்துக்குச் சொல்வது உங்கள் சரிவுக்குத் தெரியாது. தினம் காலையில் குல்மார்க் பேட்ரோல்காரர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள், அவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுவரை தெரியும். உலகமெங்கும் ஐந்து படி அளவுகோல்தான். அதில் 3 என்றால் நம் பிள்ளைகளுக்கு ஐந்துக்கு மூன்று, பாஸ் மார்க் என்று தோன்றுகிறது. சாவு அதிகம் விழுவது அந்த மூன்றில்தான். நான்கிலும் ஐந்திலும் பயந்து யாரும் வெளியே போவதில்லை.

ஐந்து நாளை நான் எப்படிச் செலவழிப்பேன் என்று சொல்கிறேன். பனி கொட்டி முடித்த மறுநாள், எவ்வளவு வெளுத்திருந்தாலும், பேட்ரோல்காரர்கள் திறந்துவிட்ட பகுதிக்குள் மட்டும். அதற்கடுத்த நாள், காற்று இல்லாமல், புதிதாக எங்கும் சரிந்த தடம் கண்ணில் படாமல், காலடியில் 'தொம்' கேட்காமல், ஸ்கீ முனையிலிருந்து வெடிப்பு ஓடாமல் இருந்தால், வழிகாட்டியோடு 30 டிகிரிக்குக் கீழான சரிவுகள். ஒருவர் இறங்கி ஓரமாக, மேலே எதுவும் தொங்காத இடத்தில் நின்ற பிறகுதான் அடுத்தவர். நிற்பவர் கண் இறங்குபவர் மேல். வீடியோ எடுக்க மூவரும் ஒன்றாக இறங்கினால் தேட ஆள் இருக்காது. செங்குத்துச் சரிவுகளை இந்த வருடத்துக்கு விட்டுவிடுங்கள். உங்கள் வழிகாட்டி முகம் சுளிப்பார், கூலியைக் குறைக்காமல் கொடுத்தால் சரியாகிவிடும்.

சில்லறை விஷயம் மூன்று. ஜம்மு காஷ்மீரில் வெளிமாநிலப் ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, மூவரில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். வெளிநாட்டு நண்பர் யாராவது சாட்டிலைட் போன் கொடுத்தனுப்பினால் வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் ஸ்ரீநகர் விமான நிலையத்திலேயே போலீஸ் கேஸ். மொபைல் போனும் பீக்கன் பக்கத்தில் இருக்கக்கூடாது. நடக்கும்போது 20 சென்டிமீட்டர் தள்ளி, தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி. தேடும்போது அணைத்தே வைப்பது நல்லது.

மூன்றாவது பீக்கன் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாள் காலை மலைக்குப் போகாதீர்கள். ஓட்டலுக்குப் பின்னால் பனிமேட்டில் ஒருவர் தன் பீக்கனைப் பையில் போட்டு, மற்றவர்கள் பார்க்காமல் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைக்கட்டும். மற்ற இருவரும் தேடி, துழாவுகோலில் பை தட்டுப்படும்வரை கடிகாரம் ஓடட்டும். பிறகு தோண்டுங்கள், கோலுக்கு நேர் மேலே வேண்டாம், பள்ளப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நின்று உள்நோக்கி. மூவரும் மாறி மாறி நாலு தடவை செய்யுங்கள். முதல் தடவை தேடவே பத்து நிமிடம் ஆகும், எனக்கும் ஆயிற்று. தேடிக் கோலில் தட்டுப்படுவது மூன்று நிமிடத்துக்குள் வராதவரை கோண்டோலாவில் முதல் கட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள்.